ஜுபின் மேத்தா, ஆர்கெஸ்ட்ரா, ஓபரா: வாசகர் கேள்விகள்

போன இதழில் ஜுபின் மேத்தா என்ற ஆர்கெஸ்ட்ரா கண்டக்டரைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தேன். பம்பாயில் பிறந்த ஒருவர் வியன்னா, மான்ட்ரியல், லாஸ் ஏஞ்சல்ஸ், நியூயார்க், டெல் அவிவ், ஃபிளாரன்ஸ், மியூனிக் என்று அறுபது வருஷத்துக்கும் மேலாக வெளிநாட்டு ஆர்கெஸ்ட்ராக்களையும் ஓபராக்களையும் (பாடியே நடிக்கும் மேற்கத்திய இசை நாடகங்கள்) நடத்தியிருக்கிறார், நம்மிடையே அவரைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை என்பது என் ஆதங்கம். அதைப் படித்துவிட்டு வந்த கேள்விகள் இவ்வளவு இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எனவே இந்த முறை முழுக்க அவைதான்.

கேள்வி: யார் எதை வாசிக்க வேண்டும் என்று ஒவ்வொருவர் முன்னாலும் தாளில் எழுதித்தான் இருக்கிறது. அப்புறம் எதற்கு நடுவில் ஒருவர் நின்று குச்சியை அசைக்க வேண்டும்? 2025 மார்ச் 8 அன்று லண்டனில் இளையராஜாவின் சிம்பொனி அரங்கேறிய செய்தியைப் பார்த்தபோதும் இதே சந்தேகம் வந்தது.

ஒவ்வொருவர் முன்னாலும் இருப்பது அவரவர் வரி மட்டும். இரண்டாம் வயலின் வாசிப்பவருக்கு அதே நேரத்தில் ஓபோ என்ற குழல் வாத்தியம் என்ன செய்கிறது என்பது தாளில் தெரியாது. எல்லாருடைய வரியும் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதப்பட்ட முழு ஸ்கோர் நடுவில் நிற்கும் கண்டக்டர் ஒருவரிடம்தான் இருக்கிறது. அடுத்தது, 'வேகமாக' என்று எழுதியிருந்தால் எவ்வளவு வேகமாக? 'மெல்ல' என்றால் எவ்வளவு மெல்ல? நூறு பேருக்கு நூறு அபிப்பிராயம் இருக்கும், ஒருவர் முடிவு செய்தாக வேண்டும்.

இன்னொன்று, பலர் யோசிக்காதது. பெரிய ஆர்கெஸ்ட்ராவில் முன்வரிசை வயலினுக்கும் பின்வரிசை ட்ரம்பெட்டுக்கும் இடையே பதினைந்து மீட்டருக்கும் மேல் தூரம் இருக்கும். அந்தத் தூரத்தைக் கடக்க ஒலிக்கு ஒரு நொடியில் கிட்டத்தட்ட இருபதில் ஒரு பங்கு ஆகும். காதை நம்பி வாசித்தால் பின்னால் இருப்பவர் எப்போதும் கொஞ்சம் தாமதம்தான், ஆகவே எல்லாரும் கண்ணை நம்புகிறார்கள். நம் கச்சேரியில் பாடகரும் வயலினும் மிருதங்கமும் கடமும் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருப்பதால் ஒரு பார்வையும் ஒரு தலையசைப்பும் போதுமாக இருக்கிறது. நூறு பேர் அரைவட்டமாகப் பரந்து உட்கார்ந்தால் அது நடக்காது. கண்டக்டரே இல்லாமல் வாசிக்கும் குழுக்களும் உண்டு, நியூயார்க்கின் ஆர்ஃபியஸ் சேம்பர் ஆர்கெஸ்ட்ரா 1972 முதல் அப்படித்தான் இயங்குகிறது. ஆனால் அது சிறிய குழு, பேசிப் பேசி முடிவெடுக்கிற குழு. மாலர் என்ற இசையமைப்பாளரின் பெரிய சிம்பொனியை அப்படி வாசிக்க முடியாது.

மேடையில் நாம் பார்ப்பது வேலையின் கடைசித் துண்டு. நிஜமான வேலை ஒத்திகையில் முடிந்திருக்கும், அதற்கும் முன்னால் பல மாதங்கள் தனி அறையில் ஸ்கோரோடு முடிந்திருக்கும்.

கேள்வி: 1950களில் பம்பாயிலிருந்து ஒரு பையன் வியன்னாவுக்குப் போய் இந்தத் தொழிலைப் பிடித்தது எப்படி? பணக்காரக் குடும்பமா?

பணத்தைவிட அப்பாதான் முக்கியம். மெஹ்லி மேத்தா வயலின் கலைஞர், பம்பாய் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவை 1935இல் தொடங்கியவர். ஜுபின் பிறந்தது 1936 ஏப்ரல் 29. வீட்டிலேயே ஒத்திகை, இசைத்தட்டு, ஸ்கோர் எல்லாம் இருந்தன. ஆனாலும் நம் வீடுகளில் நடப்பதுதான் அங்கேயும் நடந்தது, மகன் டாக்டராக வேண்டும் என்று செயின்ட் சேவியர்ஸ் கல்லூரியில் மருத்துவத்துக்கான முன்படிப்பில் சேர்த்தார்கள். அவருக்கு மனசு ஒட்டவில்லை. 1954இல், பதினெட்டு வயதில், வியன்னாவுக்குக் கப்பலேறிவிட்டார்.

அங்கே ஹான்ஸ் ஸ்வரோவ்ஸ்கி என்ற ஆசிரியரிடம் கண்டக்டிங் படித்தார். ஸ்கோரின் கட்டமைப்பைப் பிரித்துப் பிரித்துப் படிக்கச் சொல்பவர், தேவையில்லாமல் கையை வீசினால் பொறுக்காதவர். ஆர்கெஸ்ட்ராவுக்குள் இருந்து கேட்டுப் பழக வேண்டும் என்று டபுள் பேஸ் என்ற பெரிய தந்தி வாத்தியமும் கற்றுக்கொண்டார். வியன்னாவில் அவர் கேட்ட முதல் கச்சேரியில் கார்ல் போம் நடத்திய பிராம்ஸின் முதல் சிம்பொனி இருந்தது. அந்த ஒலிதான் தனக்கு அளவுகோலாகிவிட்டது என்று பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார்.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. பெரிய கண்டக்டர்களின் ஒத்திகைகளுக்கு வெளியாட்களை விடமாட்டார்கள். ஜுபினும் அவருடைய வகுப்புத் தோழர் கிளாடியோ அபாடோவும் (பின்னாளில் பெர்லின் பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவை நடத்திய அதே அபாடோ) அங்குள்ள பெரிய பாடகர் குழுவில் பேஸ் (கீழ்ஸ்தாயி) குரலாகச் சேர்ந்துவிட்டார்கள். பாடுபவர்கள் கண்டக்டரை நேருக்கு நேர் பார்த்துத்தானே நிற்க வேண்டும்! புருனோ வால்டர், கரயான் போன்றவர்களின் முகத்தையும் கையையும் அங்கிருந்தே பார்த்துப் படித்தார்கள். பாடத்திட்டத்தில் இல்லாத படிப்பு அது, கட்டணமும் கிடையாது.

1956இல் ஹங்கேரியில் கிளர்ச்சி வெடித்து அகதிகள் ஆஸ்திரியாவுக்கு வந்தபோது, சில நாட்களுக்குள் மாணவர்களைத் திரட்டி அகதி முகாமில் ஒரு கச்சேரி நடத்தினார். அப்போது வயது இருபது. 1958இல் லிவர்பூலில் நடந்த சர்வதேசக் கண்டக்டர் போட்டியில் முதல் பரிசு, அதோடு அங்குள்ள ஆர்கெஸ்ட்ராவில் ஒரு வருஷ உதவிக் கண்டக்டர் வேலை.

கேள்வி: எல்லாம் அதிர்ஷ்டம்தானே? மற்றவர்களுக்கு உடம்பு சரியில்லாமல் போனதால் வாய்ப்பு கிடைத்தது என்று எங்கோ படித்தேன்.

படித்தது சரிதான், முடிவுதான் சரியில்லை. 1960, 61 வாக்கில் மான்ட்ரியலில் இகோர் மார்க்கேவிச் வர முடியவில்லை, ஜுபின் போனார். லாஸ் ஏஞ்சல்ஸில் ஃபிரிட்ஸ் ரெய்னர் வர முடியவில்லை, ஜுபின் போனார். இஸ்ரேல் பில்ஹார்மோனிக்கில் யூஜின் ஒர்மாண்டிக்குப் பதிலாகவும் அவர்தான். மூன்று இடத்திலும் பிறகு அவரையே தலைமைக்கு அமர்த்தினார்கள். மான்ட்ரியல் 1961 முதல் 1967 வரை, லாஸ் ஏஞ்சல்ஸ் 1962 முதல் 1978 வரை, இஸ்ரேல் பில்ஹார்மோனிக் 1969இல் ஆலோசகராகத் தொடங்கி 2019 வரை.

பதிலாளாகப் போவது என்றால் என்னவென்று யோசித்துப் பாருங்கள். நிகழ்ச்சி நிரல் ஏற்கெனவே அச்சாகியிருக்கும். உங்களைத் தெரியாத நூறு பேர், அந்தப் படைப்பைப் பத்து முறை வேறு பெரிய ஆட்களோடு வாசித்தவர்கள், எதிரே உட்கார்ந்திருப்பார்கள். ஒத்திகைக்குக் கிடைப்பது இரண்டு மூன்று நாள். ஸ்கோரை அன்றைக்கு எடுத்துப் புரட்டினால் முதல் பத்து நிமிஷத்திலேயே அவர்களுக்குத் தெரிந்துவிடும். வேலையே இல்லாத வருஷங்களிலும் அவர் படித்து வைத்திருந்தார், பெரும்பாலும் ஸ்கோர் இல்லாமல் நினைவிலிருந்தே நடத்தும் அளவுக்கு. உலகம் முழுக்க எத்தனையோ இளம் கண்டக்டர்களுக்கு இப்படி ஒரு தொலைபேசி அழைப்பு வருகிறது, அதில் பெரும்பாலோர் ஒரு இரவு நன்றாகச் செய்துவிட்டு மறக்கப்படுகிறார்கள். ஒரே இடத்துக்குத் திரும்பக் கூப்பிடுகிறார்களா என்பதைத்தான் நான் பார்ப்பேன். ஜுபினைத் திரும்பக் கூப்பிட்டார்கள், பிறகு பல வருஷம் விடவில்லை.

கேள்வி: கண்டக்டர் ஜார்ஜ் ஷோல்டி ஜுபினால்தான் பதவியை விட்டுப் போனாராமே?

லாஸ் ஏஞ்சல்ஸ் பில்ஹார்மோனிக்கின் இசை இயக்குநராக ஷோல்டி நியமிக்கப்பட்டிருந்தார். அவரைக் கேட்காமலேயே நிர்வாகம் ஜுபினை உதவிக் கண்டக்டராக எடுத்தது. தன்னைக் கேட்காமல் செய்ததுதான் ஷோல்டிக்குப் பிரச்சினை, பொறுப்பேற்கும் முன்பே 1961இல் விலகினார். அது நியாயமான கோபம் என்றே நினைக்கிறேன், தவறு நிர்வாகத்தின் மேல். கடைசியில் இருபத்தாறு வயதில் அந்தப் பதவி ஜுபினுக்கு வந்தது.

கேள்வி: சிம்பொனி நடத்துவதும் ஓபரா நடத்துவதும் ஒரே வேலைதானே? பாட்டும் சேர்கிறது, அவ்வளவுதான் என்று தோன்றுகிறது.

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பகுதியை எழுத ஆசைப்பட்டேன்.

சிம்பொனியில் உங்கள் கட்டுப்பாட்டில் இல்லாதது அதிகம் இல்லை. எல்லாரும் உட்கார்ந்திருக்கிறார்கள், எல்லாரும் உங்களைப் பார்க்கிறார்கள், எதிரே நோட்ஸ் இருக்கிறது. ஓபராவில் ஆர்கெஸ்ட்ரா மேடைக்கு முன்னாலுள்ள பள்ளத்தில் இருக்கும். பாடகர் மேலே, சில சமயம் இருபது முப்பது மீட்டர் தள்ளி, கனமான உடையோடு, மண்டியிட்டோ படுத்துக்கொண்டோ கத்திச் சண்டை போட்டுக்கொண்டோ, மூன்று மணி நேரப் பாட்டை மனப்பாடமாகப் பாடுவார். அவருக்கு அன்றைக்குத் தொண்டை கட்டியிருக்கலாம். ஒரு உச்ச ஸ்வரத்தை நேற்றைவிட இன்று நீளமாகப் பிடிக்கலாம். நேற்று எங்கே மூச்செடுத்தார், இன்று எங்கே எடுக்கப் போகிறார் என்பதைக் கண்டக்டர் அரை நொடி முன்னால் உணர்ந்து எழுபது எண்பது பேரைத் தடுத்து நிறுத்த வேண்டும், பிறகு ஒன்றாக விடவும் வேண்டும். அதுவும் ஆர்கெஸ்ட்ராவின் சத்தம் பாடகரை மூடிவிடாமல். ஓபராவில் மைக் கிடையாது என்பதை மறந்துவிடாதீர்கள். மேடைக்குப் பின்னால் நின்று பாடும் குழு இருந்தால் அவர்களுக்கு ஒரு உதவிக் கண்டக்டர் திரையில் தலைமைக் கண்டக்டரைப் பார்த்துப் பார்த்துத் தாளம் காட்டுவார். மறந்துபோகும் பாடகருக்கு அடி எடுத்துக் கொடுக்க, பல அரங்குகளில் மேடையின் விளிம்பில் ஒரு சிறு பெட்டிக்குள் ஒருவர் உட்கார்ந்திருப்பார்.

புதிய தயாரிப்பு என்றால் ஐந்தாறு வாரம் ஒத்திகை. முதலில் வெறும் பியானோவோடு பாடகர்கள், தனியாக ஆர்கெஸ்ட்ரா, பிறகு மேடையும் நடிப்பும் இல்லாமல் இரண்டு தரப்பும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு ஒத்திகை, கடைசியில்தான் எல்லாம் ஒன்றாக. மேடை இயக்குநர் பாடகரைப் பின்னால் தள்ளி நிறுத்த நினைப்பார், கண்டக்டருக்கு அவர் முன்னால் வேண்டும். அந்தச் சண்டைகளையும் தீர்க்க வேண்டும். ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் 'ரிங்' என்ற ஓபராத் தொடர் நான்கு இரவுகளில் சுமார் பதினைந்து மணி நேரம் ஓடும். ஜுபின் அதைச் சிகாகோவில் 1996இல் நடத்தினார், பிறகு ஸ்பெயினின் வலென்சியாவிலும் நடத்தினார். உடம்பு வலிமை தனிக் கதை.

அவருடைய ஓபரா வாழ்க்கையில் நான் வியக்கும் காரியம் 1992 ஜூலையில் ரோமில் நடந்தது. இத்தாலிய இசையமைப்பாளர் புச்சீனியின் 'டோஸ்கா' ஓபராவின் கதை ரோமின் மூன்று நிஜ இடங்களில், நிஜ நேரங்களில் நடப்பது. அந்தத் தேவாலயத்திலும் மாளிகையிலும் கோட்டையிலும், கதை சொல்லும் அதே பொழுதில் பாடகர்கள் நடித்துப் பாட, தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்பினார்கள். ஆர்கெஸ்ட்ரா அங்கே இல்லை, நகரத்தின் வேறொரு மூலையில் ஸ்டுடியோவில் ஜுபினோடு இருந்தது. பாடகர்கள் மறைவாக வைத்த திரைகளில் அவர் கையைப் பார்த்துப் பாடினார்கள். கடைசிக் காட்சி விடியற்காலையில். பாடகரின் மூச்சை நேரில் பார்க்கவே முடியாத நிலையில் அவர் அதை இழுத்துச் சென்றார். முப்பது வருஷ அனுபவம் இல்லாத ஒருவரால் இது ஆகாது.

1998இல் பெய்ஜிங்கின் தடைசெய்யப்பட்ட நகரத்தில், சீனத் திரைப்பட இயக்குநர் ஜாங் யிமூ மேடையமைக்க, புச்சீனியின் 'டுரான்டோட்' ஓபராவை நடத்தியதும் அவர்தான். ஃபிளாரன்ஸ் ஓபரா அரங்கில் 1985 முதல் முப்பது வருஷத்துக்கும் மேல் தலைமைக் கண்டக்டர், மியூனிக்கின் பவேரியா அரசு ஓபராவில் 1998 முதல் 2006 வரை. மூன்று டெனர்கள் (உச்சஸ்தாயி ஆண் பாடகர்கள்) சேர்ந்து பாடிய கச்சேரியை (1990, ரோம்) வைத்து மட்டும் அவரை நினைவு வைத்திருப்பவர்கள் இந்த இரண்டு அரங்கையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும் என்பேன்.

கேள்வி: இஸ்ரேலோடு அவருக்கு இருந்த நெருக்கம் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. தவிர்த்தீர்களா?

இடம் போதவில்லை, அவ்வளவுதான். அந்த ஆர்கெஸ்ட்ரா 1981இல் அவரை வாழ்நாள் இசை இயக்குநராக்கியது. 1991 வளைகுடாப் போரில் ஏவுகணைகள் விழுந்துகொண்டிருந்தபோது மற்றவர்கள் வரத் தயங்கிய நேரத்தில் இவர் விமானம் பிடித்துப் போனார். ஜெருசலேமில் ஒரு கச்சேரிக்கு நடுவே சைரன் ஒலித்தது, மக்கள் வாயு முகமூடி அணிந்து உட்கார்ந்திருக்க, வயலின் மேதை ஐசக் ஸ்டெர்ன் தனியாக வந்து பாக் என்ற இசையமைப்பாளரின் படைப்பை வாசித்தார். அன்றைய கண்டக்டர் ஜுபின்தான்.

அதே ஆர்கெஸ்ட்ராவோடு 1981இல் வாக்னர் இசையைக் கச்சேரி முடிவில் உபரியாக வாசிக்க முயன்றார். வாக்னரின் யூத வெறுப்பும், நாஜிகள் அவரைத் தூக்கிப் பிடித்ததும் தெரிந்த கதை. பிடிக்காதவர்கள் எழுந்து போகலாம் என்று சொல்லிவிட்டுத்தான் தொடங்கினார், இருந்தும் அரங்கில் பெரும் எதிர்ப்பு. வாக்னரை வாசிக்கவே கூடாது என்று நான் நினைக்கவில்லை. ஆனால் நாஜி முகாமிலிருந்து தப்பி வந்தவர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் நிகழ்ச்சி நிரலில் முன்கூட்டி அறிவிக்காமல் செய்ததை என்னால் ஏற்க முடியவில்லை. விரும்பியவர்கள் மட்டும் வரும்படி தனிக் கச்சேரியாக அறிவித்திருக்கலாம்.

கேள்வி: இந்தியாவுக்கு என்ன செய்தார்? போனவர் போனவர்தானே.

இன்றுவரை இந்தியக் குடியுரிமையை விடவில்லை. 1966இல் பத்மபூஷண், 2001இல் பத்மவிபூஷண். அப்பா பெயரில் மும்பையில் உள்ள இசை அறக்கட்டளை குழந்தைகளுக்கு மேற்கத்திய இசை கற்றுத் தருகிறது. ரவிசங்கர் சிதாருக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்கும் எழுதிய இரண்டாவது கன்செர்ட்டோவை நியூயார்க் பில்ஹார்மோனிக்கோடு 1981இல் நடத்தினார். நம் வயலின் கலைஞர் எல். சுப்பிரமணியத்தின் படைப்பையும் அதே ஆர்கெஸ்ட்ராவோடு 1985இல் நடத்தினார்.

சென்னைக்கும் வந்திருக்கிறார். 2005 டிசம்பர் 26, சுனாமியின் முதலாம் ஆண்டு நினைவு நாளில், பவேரியா அரசு ஆர்கெஸ்ட்ராவோடு மியூசிக் அகாடமியில் நடத்தினார். மார்கழிக் கச்சேரிகள் நடக்கும் அதே மேடை! அந்த நாளைப் பற்றித் தமிழில் விரிவாக யாராவது எழுதியிருந்தால் எனக்கு அனுப்புங்கள், ஆசையோடு படிப்பேன். 2013 செப்டம்பரில் ஸ்ரீநகர் ஷாலிமார் தோட்டத்தில் நடத்திய கச்சேரிக்கு எதிர்ப்பு வந்தது, அழைப்பிதழ் உள்ளவர்கள் மட்டும் உள்ளே என்பதால் அந்த எதிர்ப்பில் நியாயம் இருந்தது.

கேள்வி: என் மகளுக்குப் பதினான்கு வயது. பியானோ ஆறாம் கிரேடு முடித்திருக்கிறாள். ஜுபின் மேத்தா வீடியோ பார்த்துவிட்டுக் கண்டக்டர் ஆகப் போகிறேன் என்கிறாள். பெண்களுக்கு இது நடக்குமா? என்ன செய்ய வேண்டும்?

நடக்கும், அம்மா. உங்கள் மகளின் தலைமுறையில் தாராளமாக நடக்கும். வியன்னா பில்ஹார்மோனிக் ஒரு பெண்ணை உறுப்பினராகச் சேர்த்ததே 1997இல்தான், அவ்வளவு இறுகிய உலகம் அது. ஆனால் அதற்கு முன்பே, 1993இல், ஆஸ்திரேலியாவின் சிமோன் யங் வியன்னா அரசு ஓபராவை நடத்திய முதல் பெண்ணாகிவிட்டார். 2007இல் மரின் ஆல்சாப் பால்டிமோர் சிம்பொனியின் தலைமைக்கு வந்தார். வாக்னரின் சொந்த அரங்கான பாய்ராய்ட்டில் 2021இல் உக்ரைனின் ஒக்சானா லினிவ் நடத்தினார்.

இப்போதைக்குக் குச்சி வேண்டாம். பியானோவை விடாமல் பிடிக்கட்டும், ஏனென்றால் ஸ்கோரைப் பார்த்து அப்படியே பியானோவில் வாசிக்கும் திறமைதான் இந்தத் தொழிலின் வாசற்படி. கூடவே ஆர்கெஸ்ட்ராவில் உட்காரக்கூடிய ஒரு வாத்தியம், வயலினோ செல்லோவோ கிளாரினெட்டோ. ஒரு கோரஸில் பாட வேண்டும், சர்ச்சிலோ பள்ளியிலோ எதுவானாலும் சரி. தியரி, காதுப் பயிற்சி. ஜெர்மனும் இத்தாலியனும் இப்போதே தொடங்கினால் நல்லது, ஓபராவில் பாடகர் என்ன சொல்கிறார் என்று புரியாமல் நடத்த முடியாது. பள்ளியில் நாலு தோழிகளைச் சேர்த்துப் பாட வைத்து ஒத்திகை நடத்தட்டும். மற்றவர்களைச் சலிப்பில்லாமல் திரும்பத் திரும்பப் பாட வைக்க முடிகிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

பட்டப்படிப்புக்கு வியன்னா, பெர்லின், மியூனிக் போன்ற இடங்களின் அரசு இசைப் பல்கலைக்கழகங்களைப் பாருங்கள். நுழைவுத் தேர்வு மிகக் கடினம், கட்டணம் அமெரிக்காவைவிட வெகு குறைவு. படித்து முடித்ததும் ஜெர்மனியில் ஒரு பழைய வழி உண்டு. சிறிய நகரத்து ஓபரா அரங்கில் பாடகர்களுக்குப் பியானோ வாசித்துப் பாடம் சொல்லிக் கொடுக்கும் வேலையில் சேர்வார்கள், ஒருநாள் யாராவது வராதபோது நடத்தச் சொல்வார்கள், அப்படியே மேலே. மெதுவான வழிதான், ஆனால் போட்டியில் வென்று ஒரே நாளில் பெயர் வாங்குவதைவிட உறுதியானது என்று நான் நம்புகிறேன். போட்டிகளும் இருக்கின்றன: பிரான்ஸின் பெசான்சோன், கோபன்ஹேகனின் மால்கோ. ஜப்பானின் செய்ஜி ஓஸாவா 1959இல் பெசான்சோனில் வென்றுதான் வெளியே தெரிந்தார், பிறகு பாஸ்டனில் இருபத்தொன்பது வருஷம்.

ஒன்றை மட்டும் மகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இது தனிமையான வேலை. வாரத்துக்கு ஒரு ஊர், ஹோட்டல் அறை, ஸ்கோர். குடும்பத்தோடு இருப்பது குறைவு.

கேள்வி: சம்பளம்?

அமெரிக்காவின் பெரிய ஆர்கெஸ்ட்ராக்களின் தலைமைக் கண்டக்டர்களில் பலர் ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் வாங்குகிறார்கள், அந்த ஆர்கெஸ்ட்ராக்களின் வரிக் கணக்குகள் பொதுவில் கிடைப்பதால் இது ரகசியமில்லை. அப்படிப்பட்டவர்கள் கைவிரல் எண்ணிக்கையில் இருப்பார்கள். சிறிய அரங்கின் உதவிக் கண்டக்டர் சாதாரண மாதச் சம்பளக்காரர்தான்.

கேள்வி: எனக்கு மேற்கத்திய இசை ஒன்றும் தெரியாது. எங்கே தொடங்குவது?

1972இல் லண்டன் பில்ஹார்மோனிக்கோடு ஜுபின் பதிவு செய்த 'டுரான்டோட்'. ஜோன் சதர்லாண்ட், பவரோட்டி, மொன்செராட் கபாயே மூவரும் ஒரே பதிவில். கதையை முதலில் படித்துவிடுங்கள், பாடல் வரிகளின் மொழிபெயர்ப்பு இணையத்தில் கிடைக்கும், அதைக் கையில் வைத்துக்கொண்டு முதல் அங்கத்தை மட்டும் கேளுங்கள். கோரஸும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து எழும்பும் இடங்களை இரண்டாம் முறை ஹெட்ஃபோன் இல்லாமல், ஸ்பீக்கரில், கொஞ்சம் சத்தமாக வைத்துக் கேளுங்கள். பாட்டு இல்லாமல் வேண்டுமென்றால், லாஸ் ஏஞ்சல்ஸ் பில்ஹார்மோனிக்கோடு அவர் 1971இல் பதிவு செய்த ஹோல்ஸ்ட் என்ற இசையமைப்பாளரின் 'தி பிளானட்ஸ்' (கிரகங்கள்). ஏழு பகுதிகள், ஒவ்வொன்றும் தனித்தனி மனநிலை. செவ்வாய்க் கிரகத்துக்கான பகுதியில் தொடங்குங்கள்.